பெயர்ப்பலகையில் மொண்டிசோரி, உள்ளே டியூசன் வகுப்பு



மாத்தளை நகரம், உக்குவளை, ரத்தோட்டை, கலேவெல என்று நமது மாவட்டத்தில் இருக்கும் உம்மாமார், வாப்பாமார், முன்பள்ளி நடத்தும் நிர்வாகிகள், என்னைப் போல தரம் 1இல் படிப்பிக்கும் டீச்சர்மார் எல்லோருக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபமும் வரும். கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அடுத்த வருட முன்பள்ளி அனுமதிக்கான விளம்பரங்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. மூன்று மாதத்தில் ஆங்கிலம் வாசிக்க வைப்போம் என்கிறது ஒன்று. தரம் 1 பாடத்தை முன்கூட்டியே முடித்துத் தருவோம் என்கிறது இன்னொன்று. அதற்குக் கீழே "மாஷா அல்லாஹ்" என்று ஐம்பது பேர். மூன்றரை வயதுப் பிள்ளை ஓடுமா, மண்ணில் விளையாடுமா, கதை கேட்குமா என்று ஒருவராவது கேட்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளையைக் கதிரையில் இருத்தி, கொப்பி நிறைய எழுத வைப்பதால் அதன் படிப்பு முன்னேறாது. அந்த வயதில் கையாலும் காதாலும் கற்க வேண்டியதைத்தான் பிள்ளை இழக்கிறது. அதற்கு நாம் மாதா மாதம் காசும் கட்டுகிறோம்.

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரி யார்?

நம்மூரில் "மொண்டிசோரி" என்றால் பாலர் பாடசாலைக்கு இன்னொரு பெயர் என்று ஆகிவிட்டது. அது ஒரு பெண்ணின் பெயர். மரியா மொண்டிசோரி இத்தாலியைச் சேர்ந்த வைத்தியர். 1907 ஜனவரி 6ஆம் திகதி ரோம் நகரத்தின் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில் முதலாவது "பிள்ளைகள் வீட்டை"த் திறந்தார். அங்கே வந்தவை பணக்காரப் பிள்ளைகள் அல்ல. தாயும் தகப்பனும் கூலி வேலைக்குப் போன பிறகு, கட்டடத்தின் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைப் பழுதாக்கிய பிள்ளைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் கட்டட உரிமையாளர்கள் அவரை அழைத்தார்கள்.

அவர் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தார்? தண்ணீர் ஊற்றக் குவளை, துடைக்கத் துணி, பொத்தான் போட்டுப் பழகச் சட்டம், பெரிதிலிருந்து சிறிதாக அடுக்க மரக் கட்டைகள். எழுத்தைக்கூட முதலில் பென்சிலால் எழுத வைக்கவில்லை. மண்கடதாசியில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவ வைத்தார். விரலுக்கு அந்த வடிவம் பழகிய பிறகு பிள்ளைகள் தாங்களாகவே எழுத ஆரம்பித்தன.

அவர் நம் பக்கமும் வந்தவர். 1939இல் சென்னை அடையாறில் பிரம்மஞான சபையின் அழைப்பில் பயிற்சி வகுப்பு நடத்தினார். யுத்த காலம் முழுவதும் இந்தியாவில் தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கு வந்து இங்குள்ள ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார். அதாவது இந்த முறை நம் நாட்டுக்கு வந்து எண்பது வருடம் கடந்துவிட்டது. பெயர் மட்டும் பலகையில் தங்கிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் இருபது பிளாஸ்டிக் கதிரை, இருபது கொப்பி, கரும்பலகையில் ஏ, பி, சி, டி. தொடுவதற்கு ஒரு பொருள் இல்லை. ஓடுவதற்கு ஒரு முற்றம் இல்லை.

எல்லா முன்பள்ளியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சின்ன இடத்தில், சொற்பச் சம்பளத்தில், சிரட்டையையும் மண்ணையும் வைத்து அருமையாக வேலை செய்யும் டீச்சர்மாரையும் நான் அறிவேன். ஆனால் அவர்களிடம் பிள்ளையைச் சேர்க்க ஆள் வருவதில்லை. "அங்க விளையாட மட்டும்தான் விடுறாங்க" என்று சொல்லி நாம்தான் அவர்களைத் தோற்கடிக்கிறோம்.

இல்லாத பரீட்சைக்கு எதற்கு இந்த ஓட்டம்?

எந்த உம்மாவிடம் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "முதலாம் ஆண்டுக்குப் போனா புள்ள பின்னுக்கு நிற்கும் டீச்சர்."

அரச பாடசாலையில் தரம் 1க்குச் சேரப் பரீட்சை கிடையாது. ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். வீடு எவ்வளவு தூரம், பழைய மாணவரின் பிள்ளையா, சகோதரர் படிக்கிறாரா என்பவற்றுக்குத்தான் புள்ளி. பிள்ளைக்கு எழுதத் தெரியுமா என்பதற்கு ஒரு புள்ளியும் இல்லை.

சரி, உள்ளே வந்த பிறகு? 1997இல் திட்டமிட்ட கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் தரம் 1இல் தொடங்கி, 1999இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆரம்பக் கல்வியில் மூன்று விதமான வேலைகளை அது வகுத்தது: வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை. தரம் 1, 2 சேர்ந்த முதலாம் முதன்மை நிலையில் விளையாட்டுக்குத்தான் முதலிடம். மேலே போகப் போகத்தான் மேசை வேலை கூடுகிறது. தரம் 1இன் ஆரம்பத்தில் பிள்ளைகளை இனங்காணும் வேலைத்திட்டம் ஒன்றும் இருக்கிறது. விளையாட விட்டு, கதைக்க விட்டு, ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று நாங்கள் பார்த்து அறிய வேண்டும்.

அந்தச் சீர்திருத்தம் தரம் 1க்கும் 2க்கும் வைத்த ஆங்கிலம் என்ன தெரியுமா? செயற்பாட்டோடு சேர்ந்த வாய்மொழி ஆங்கிலம். முறையான ஆங்கிலப் பாடம் தரம் 3இலிருந்துதான். ஏழு வயதுக்குப் பிறகு என்று நாடு வைத்ததை நாம் மூன்றரை வயதில் கொப்பியில் எழுத வைக்கிறோம். பிறகு, அரசாங்கத்துக்குக் கல்வி தெரியாது என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஜனவரியில் என் வகுப்புக்கு வருவது யார்?

ஏ முதல் இஸட் வரை எழுதத் தெரிந்த பிள்ளை வருகிறது. அதற்குச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கத் தெரியாது. கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியாது. சப்பாத்துப் பட்டியைப் போடத் தெரியாது. நூறு வரை ஒப்புவிக்கும், மேசையில் இருக்கும் பன்னிரண்டு கட்டைகளை எண்ணச் சொன்னால் பதினைந்து என்னும். வெள்ளைத்தாளைக் கொடுத்து விரும்பியதை வரை என்றால், "டீச்சர், எத வரையணும்? நீங்க வரைஞ்சு தாங்க" என்று அழும். நிறம் கோட்டுக்கு வெளியே போனால் பயந்து என் முகத்தைப் பார்க்கும்.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலை. ஐந்து வயதுக்குள்ளேயே "பிழை விட்டால் ஏச்சு" என்று படித்துக்கொண்டு வரும் பிள்ளை கேள்வி கேட்காது, முயற்சி செய்யாது. அந்தப் பயத்தைக் கழற்ற எங்களுக்கு இரண்டு தவணை எடுக்கிறது.

பென்சிலுக்கு முன்னால் கை

நமது மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பே இல்லை, குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும். நாலு வயதில் பாதியளவுதான் ஆகியிருக்கும். எட்டாவது எலும்பு வருவதற்கு 9 வயதும் தாண்டலாம். அந்தக் கையில் மெல்லிய பென்சிலைத் திணித்து நாலு கோட்டுக் கொப்பியில் ஒரு பக்கம் எழுது என்றால், பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்து அழுத்தும். அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. மாப் பிசைவது, களிமண் உருட்டுவது, உடுப்புக் காய வைக்கும் கிளிப்பை அழுத்துவது எல்லாம்தான் அந்தக் கைக்குரிய எழுத்துப் பயிற்சி.

கணக்கையும் பார்ப்போம். இன்றைக்கே வீட்டில் செய்து பாருங்கள். ஏழு போத்தல் மூடிகளை ஒரு வரிசையாக வையுங்கள். அதற்கு நேர் கீழே இன்னும் ஏழு. இரண்டும் சமமா என்று உங்கள் நாலு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள், சமம் என்று சொல்லும். பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ் வரிசையை மட்டும் அகட்டி வையுங்கள். இப்போது எதில் கூட என்று கேளுங்கள். அந்த வயதுப் பிள்ளைகளில் அதிகமானோர் நீளமான வரிசையைத்தான் காட்டுவார்கள். சுவிற்சர்லாந்தின் ஜோன் பியாஜே செய்து காட்டிய சோதனை இது. இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்பது பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. நூறு பொருளைத் தொட்டு, அடுக்கி, கலைத்து, திரும்ப எண்ணிப் பார்க்கும்போதுதான் பிடிபடும். அதற்கு முன்னால் 50 வரை எழுதச் சொல்வதில் என்ன பயன்? பிள்ளை எழுதுவது படம். எண் அல்ல.

அடுத்தது மொழி. நமது முஸ்லிம் முன்பள்ளிப் பிள்ளையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். தமிழ் எழுத்து 247. ஆங்கிலத்தில் பெரியதும் சிறியதுமாக 52. அரபு 28, அதுவும் வலமிருந்து இடம். சில இடங்களில் சிங்கள எழுத்தும் சேர்ந்துவிட்டது. நாலு வயதுக்கு நாலு எழுத்து முறை! பெரியவர்கள் நமக்கு இப்படி யாராவது செய்தால் விடுவோமா?

மொழி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு மொழியும் வேண்டும். ஆனால் மொழி காதால் உள்ளே போய் வாயால் வெளியே வர வேண்டும். நம் பிள்ளைகள் சின்னச் சூராக்களை எவ்வளவு அழகாக ஓதுகின்றன! எழுதிப் பார்த்தா கற்றன? உம்மம்மாவின் மடியில் கேட்டுக் கேட்டுக் கற்றன. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளையோடு ஒரு மாதம் விளையாடினால் வரும் சிங்களம், ஒரு வருடம் கொப்பி நிரப்பினாலும் வராது.

முந்தி வாசித்தால் பிறகும் முந்தி நிற்கும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் செபஸ்தியன் சகேட் என்ற ஆய்வாளர், 5 வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் 7 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். 11 வயதளவில் வாசிப்புத் திறனில் வித்தியாசம் காணப்படவில்லை. பின்லாந்தில் முதலாம் வகுப்பே 7 வயதில்தான்.

நமது மார்க்கம் எங்கே நிற்கிறது?

பள்ளிவாசல் நிர்வாகங்களின் பொறுப்பிலும் முன்பள்ளிகள் நடப்பதால் இதையும் சொல்ல வேண்டும். தொழுகையைப் போன்ற ஒரு கடமையையே பிள்ளைக்கு ஏழு வயதில் ஏவச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நபி (ஸல்) அவர்கள் ஸுஜூதில் இருக்கும்போது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டது. பிள்ளை இறங்கும் வரை ஸுஜூதை நீட்டினார்கள். சின்னக் குருவி செத்துப்போன சிறுவன் அபூ உமைரிடம் அந்தக் குருவியைப் பற்றியே விசாரித்தார்கள். பிள்ளையின் உலகத்துக்குள் இறங்கிப் போனார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில், ஓதிவிட்டு வரும் பிள்ளையை விளையாட விட வேண்டும், விளையாட்டைத் தடுத்து எப்போதும் படிப்பிலேயே வைத்திருந்தால் அதன் உள்ளம் செத்துப்போகும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வபாத்தானது 1111இல். ஐரோப்பாவில் பாலர் பாடசாலை தொடங்குவதற்கு எழுநூறு வருடங்களுக்கு முன்னால். இப்னு கல்தூனும் முகத்திமாவில், படிப்பில் காட்டும் கடுமை பிள்ளையைப் பொய்க்கும் சோம்பலுக்கும் தள்ளும் என்று எச்சரிக்கிறார். "விளையாட்டு மேல்நாட்டுக்காரன் கதை" என்பவர்கள் கொஞ்சம் நம் கிதாபுகளையும் திறந்து பார்க்கட்டும்.

"காசு கட்டுறோம், என்ன படிச்சுக் கொடுத்தீங்க?"

இது நியாயமான கேள்விதான். கொப்பியில் எழுத்து இருந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. பிள்ளை பொறுமை பழகினால், பங்கு போடப் பழகினால் கொப்பியில் தெரியாது. ஆகவே டீச்சரும் பெற்றோரைத் திருப்திப்படுத்தப் போட்டோகொப்பித் தாள்களை நிரப்புகிறார். சில நேரம் பிள்ளையின் கையைப் பிடித்து அவரே எழுதிவிடுகிறார்!

இன்னொரு பக்கமும் உண்டு. விளையாட்டு என்றால் பிள்ளைகளை அறையில் விட்டுவிட்டு டீச்சர் போன் பார்ப்பதல்ல. டிவியில் பாட்டுப் போட்டு உட்கார வைப்பதும் அல்ல. இன்றைக்கு எந்தப் பொருளை வைப்பது, எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்தப் பிள்ளை ஒதுங்கி நிற்கிறது என்று டீச்சர் யோசிக்க வேண்டும். கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட இது கஷ்டமான வேலை. ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு மிகவும் சிரமமாக இருந்த பாடமும் இதுதான். பயிற்சி இல்லாமல் வராது.

சாமான் வாங்கக் காசில்லை என்று சொல்லாதீர்கள். நாம் இருப்பது மாத்தளையில். மிளகும் கராம்பும் ஏலக்காயும் சாதிக்காயும் கறுவாவும் வாசலில் காயும் ஊர். நாலு சிரட்டையில் இவற்றைக் கலந்து வையுங்கள், பிள்ளை பிரிக்கட்டும். அது கணிதத்தின் முதற் பாடமான வகைப்படுத்தல். கறுவாப்பட்டையை நீளத்துக்கு ஏற்ப அடுக்கட்டும், அளவைப் பாடம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. கண்ணைக் கட்டி மணத்தை வைத்து எது ஏலம், எது கராம்பு என்று சொல்லட்டும், அது விஞ்ஞானம். கராம்பை இரண்டு விரலும் பெருவிரலும் சேர்த்து எடுக்கும் பிடிதான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கும் பிடி.

ஒரு கவனம். மிளகு, கராம்பு போன்ற சிறியவற்றைச் சின்னப் பிள்ளைகள் மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்ளும். மூன்று வயதளவுப் பிள்ளைகளுக்கு சாதிக்காய், சிரட்டை, பெரிய கட்டை போதும். பெரிய பிள்ளைகளுக்கும் டீச்சர் பக்கத்தில் இருக்க வேண்டும். குன்றிமணி வேண்டவே வேண்டாம், அது நஞ்சு.

நாலு வயதுக்குப் பட்டமளிப்பு விழா

வருடக் கடைசியில் நடக்கும் கூத்தையும் சொல்லாமல் விட முடியாது. கறுப்பு மேலங்கி, சதுரத் தொப்பி, கையில் சுருட்டிய சான்றிதழ். நாலரை வயதுப் பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தில் எதை முடித்தது? மேலங்கி வாடகை, மண்டபம், வீடியோ, கலைவிழா உடுப்பு என்று ஒரு குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு. கட்ட முடியாத உம்மா கடன் வாங்குகிறார், அல்லது அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறார். ஒத்திகைக்காக ஒரு மாதம் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைக்கிறோம்.

அதே நிர்வாகத்திடம் டீச்சரின் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். பக்கத்துக் கடையில் வேலை செய்யும் பிள்ளைக்குக் கிடைப்பதும் அவருக்குக் கிடைப்பதில்லை. பயிற்சிக்கு அனுப்பினீர்களா என்றால், காசில்லை என்பார்கள். மேடைக்கு இருந்த காசு டீச்சருக்கு மட்டும் எப்படி இல்லாமல் போனது?

நான் கேட்பது

1. பெற்றோர்களே, நாலு வயது வரை எழுத்து வீட்டுவேலை கேட்காதீர்கள். கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்பள்ளி வாசலில் "இன்றைக்கு என்ன எழுதினாய்" என்று கேட்பதை விட்டு, "இன்றைக்கு யாரோடு விளையாடினாய், எதைச் செய்தாய்" என்று கேளுங்கள்.

2. வீட்டில் ரொட்டிக்கு மாப் பிசைய, பயறு பொறுக்க, உடுப்பு மடிக்கப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிந்தினால் பிள்ளையே துடைக்கட்டும்.

3. நிர்வாகிகளே, வருகிற வருடம் மேலங்கியை நிறுத்துங்கள். அந்தக் காசில் ஒரு மண் தொட்டி, ஒரு தண்ணீர்த் தொட்டி, நூறு கதைப் புத்தகம் வாங்கலாம். மிச்சத்தை டீச்சரின் சம்பளத்திலும் பயிற்சியிலும் போடுங்கள்.

4. முன்பள்ளி டீச்சர்மாரே, பெற்றோரை மாதம் ஒரு நாள் உள்ளே கூப்பிடுங்கள். பிள்ளை எதைச் செய்கிறது, அதனால் எதைக் கற்கிறது என்று காட்டுங்கள். தெரிந்தால் அவர்களே உங்கள் பக்கம் நிற்பார்கள்.

5. தரம் 1 டீச்சர்மாரே, இதில் நம் பங்கும் உண்டு. முதல் வாரத்திலேயே எழுதத் தெரிந்த பிள்ளையை முன் வரிசையிலும் தெரியாத பிள்ளையைப் பின் வரிசையிலும் இருத்துவது நம்மில் சிலர்தான். "நர்சரியில ஒண்டும் படிச்சுக் கொடுக்கல்லயா?" என்று உம்மாவிடம் கேட்பதும் நம்மில் சிலர்தான். அந்த ஒரு கேள்வியால்தான் அடுத்த வருடம் ஊரில் இன்னும் பத்துப் பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிறார்கள். இனங்காணும் வேலைத்திட்டத்தைப் படிவம் நிரப்பும் வேலையாக ஆக்காமல் ஒழுங்காகச் செய்வோம்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர் தரம் என்று நம் பிள்ளைகளுக்கு முன்னால் பன்னிரண்டு, பதின்மூன்று வருட ஓட்டம் காத்திருக்கிறது. அதிலிருந்து யாரும் தப்ப முடியாது. அந்த ஓட்டம் தொடங்க முன் கிடைப்பது இரண்டு வருடம். அதையாவது பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள்.

அனுமதிப் படிவம் நிரப்பப் போகும் உம்மா, வாப்பா யாராவது இருந்தால் அவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். முன்பள்ளிக்குள் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "இங்கே பிள்ளைகள் கையால் தொட்டுச் செய்வதற்கு என்னென்ன இருக்கிறது? காட்டுங்கள்." காட்ட ஒன்றும் இல்லையென்றால், வாசலில் எந்தப் பெயர் இருந்தாலும் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.